கட்டையைப் போட்டுட்டு ஓடு

1987 நவம்பர் 10, செவ்வாய்

ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்தது. டோரிஸ் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். அன்னக்கிளி வந்து கறிவேப்பிலை கேட்டாள், கொடுத்தேன்.

இதை எழுதவா நோட்டைப் பிரித்தேன்? ஞாயிற்றுக்கிழமை மேட்சைப் பற்றிப் பேச வீட்டில் ஒரு ஆள் அகப்படவில்லை. அதுதான் சங்கதி. நாலாங்கிளாஸோடு நிறுத்திய கை, எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

கேப்டன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். கேப்டன் என்றால் எங்க வீட்டுக்காரர் கிதியோன். ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர், நாப்பத்தாறு வயசு, முன்தலை காலி. ரெண்டு வருஷம் முன்னால் டெல்லியிலிருந்து யாரோ வந்து பத்து நாள் பேஸ்பால் கேம்ப் நடத்தினார்கள். வேடிக்கை பார்க்கப் போன மனுஷன் ஒரு டீமோடு திரும்பி வந்தார். லீக்கில் சேர்ந்தது இந்த வருஷம்தான். முதல் மேட்ச் ஒரு காலேஜ் டீமோடு. அவர்கள் பதினேழு. நாங்கள் சைபர்.

டோரிஸிடம் பேசலாமென்று பார்த்தால், "மம்மி, நக்கோ. மேட்ச் பேச்சே நக்கோ" என்று புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதில்தான் சொல்வாள். பெற்ற தகப்பன் தோற்றதில் அவளுக்கு மானம் போகிறதாம். எனக்கு என்னவோ போகவில்லை. பதினேழு அடிக்க அவன்களுக்கு மூச்சு வாங்கியதே, அதை யாரும் பார்க்கவில்லையா?

நவம்பர் 15, ஞாயிறு

கோயில் முடிந்ததும் பேகம்பேட்டுக்கு பஸ். அங்கே ஒரு ஆபீஸ் டீமோடு ரெண்டாவது மேட்ச். தோல்விதான், நமக்கு ஒரே ஒரு ரன். ஆனால் ஐயோ, நான் சிரித்த சிரிப்பு!

இந்த பேஸ்பால் கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா பையன் மாதிரி. ஜாடை இருக்கும், குணம் வேற. மூணு மூலையில் மணல் அடைத்த சாக்கு, நாலாவது மூலையில் அடிக்கிறவன் பக்கத்தில் ஒரு பலகை. நம்ம மைதானத்துச் சாக்கெல்லாம் நான் தைத்ததுதான். பந்தை அடித்தால் கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், ஓடிப் போய்ச் சாக்கைக் காலால் மிதிக்க வேண்டும். மூணு சாக்கையும் மிதித்துப் பலகைக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன்.

நம்ம ஆட்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து கிரிக்கெட். அன்னக்கிளி வீட்டுக்காரன் பெருமாள் இருக்கானே, பெயிண்ட் ஷாப்காரன், அரக்கோணத்துப் பிள்ளை, கையில் அப்படி ஒரு பலம். இன்றைக்குப் பந்தை அடித்தான் பாருங்கள், ரெண்டு பேர் தலைக்கு மேலே போனது. ஓடினான். கட்டையோடு ஓடினான்! சாக்குக்கு மூணு அடி இருக்கும்போதே குனிந்து, கட்டையை நீட்டி, சாக்கின் மேல் வைத்துவிட்டு, நின்று கையைத் தூக்கிக் காட்டுகிறான். பந்து சாவகாசமாக வந்து சேர்ந்தது. அவுட்.

"அதான் கட்டையை வெச்சேனே சார்!" என்று அம்பயரிடம் சண்டை.

அம்பயர் தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். "பைர்! பைர்! கால் வேணும்!"

"காலு இங்கதானே சார் இருக்குது, எங்க போயிடுச்சு?"

அடுத்து தனசிங். பந்தை மெத்தென்று தடுத்து வைத்துவிட்டு விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறான். கிரிக்கெட்டில் அப்படி நிற்கலாம். இதில் பந்து கட்டையில் பட்டு உள்ளே விழுந்தால் ஓடியே தீர வேண்டும். "ஓடுல தனசிங்கு!" என்று கேப்டன் கத்த, "நல்ல டிபென்ஸ்ணே!" என்று அவன் திருப்பிக் கத்துகிறான்.

இதே மாதிரி எத்தனை பேர். கேப்டன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் நான் சொல்கிறேன், போன வாரம் கட்டையில் பந்தே படவில்லை. இந்த வாரம் பட்டது. பட்டுவிட்டால் மிச்சம் கால் பாடுதானே?

நவம்பர் 17, செவ்வாய்

பெருமாள் ஒர்க் ஷாப் கேட்டிலிருந்து வீடு வரைக்கும் கட்டையைக் கீழே போட்டுப் போட்டுப் பழகிக்கொண்டே வந்தானாம். கையில் இருந்தது குடை.

நவம்பர் 22, ஞாயிறு

எனக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

கட்டை கையில் நின்றால்தானே தூக்கிக்கொண்டு ஓடுவான்? பிராக்டிசுக்கு முன்னால் கைப்பிடியில் விளக்கெண்ணெய் தடவி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பெருமாள் வந்து நின்றான். கேப்டன் பந்தைப் போட்டார். பெருமாள் முழு பலத்தோடு சுற்றினான். பந்து பின்னால் போய்விட்டது, கட்டை முன்னால் போய்விட்டது. பறந்தது சும்மாவா, சுழன்று சுழன்று மைதானத்தைத் தாண்டி, இன்ஸ்டிட்யூட் பில்லியர்ட்ஸ் ரூம் ஜன்னலுக்குள்ளேயே போய்விட்டது. கண்ணாடி சத்தம் லாலாகுடா வரைக்கும் கேட்டிருக்கும்.

பெருமாள் தன் கையை மோந்து பார்த்தான். "இன்னாக்கா, வெளக்கெண்ணெ வாசம் வருது?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய, எண்ணெய்ப் புட்டி என் கூடையில் இருக்கிறது.

கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணம் ஆன புதுசில் சாம்பாரில் சீனி போட்டபோது பார்த்த அதே பார்வை.

நவம்பர் 24, செவ்வாய்

எண்ணெய்க்கு விலை வந்துவிட்டது.

இன்ஸ்டிட்யூட் என்பது ரயில்வே ஆட்களுக்கு உள்ள கிளப். மைதானம் அவர்களது, கட்டை, பந்து, கையுறை எல்லாம் அவர்கள் வாங்கிக் கொடுத்தது. புது செக்ரெட்டரி பாலசுப்ரமணியன், அக்கவுண்ட்ஸ் ஹெட் கிளார்க், சட்டையில் மடிப்புக்கூடக் கலையாத மனுஷர். கேப்டனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மிஸ்டர் கிதியோன், ஞாயித்துக்கிழமை கிரவுண்டு கிரிக்கெட்காரா கேக்கறா. இந்த சீசன்ல ஒரு மேட்ச், ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் காட்டுங்கோ. இல்லேன்னா டீமைக் கலைச்சுடுவேன். சாமான் ஸ்டோர் ரூம்ல, சாவி என்கிட்ட."

இன்னும் நாலு மேட்ச் இருக்கிறது. நாலில் ஒன்று.

சாப்பிடும்போது கேட்டேன். "டீம் போச்சுன்னா என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பழையபடி ஃபிட்டர் கிதியோன் ஆயிருவேன்." குழம்பு ஊற்றிக்கொண்டார். "இந்த வயசுல புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன் பேபி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? அதைச் சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. முந்தியெல்லாம் வேலை விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இந்த ரெண்டு வருஷமாகச் சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறார். சுண்ணாம்பு உதிர்ந்தால் உதிரட்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் எனக்கு மறுபடி வேண்டாம்.

ஜெயிப்போம். ஏன் ஜெயிக்க மாட்டோம்?

நவம்பர் 29, ஞாயிறு

மிலிட்டரி டீமோடு மூணாவது மேட்ச். தோல்வி. ஆனால் மூணு ரன்! மூணு! நானும் அன்னக்கிளியும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் என் செருப்பு அறுந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாய், "அம்மா, உங்க டீம் தோத்துட்டிருக்கு" என்றான். எனக்குத் தெரியாதா, ராசா? போன மேட்சில் ஒன்று, இதில் மூணு. இதே கணக்கில் போனால் ஈஸ்டருக்குள் உங்களையெல்லாம் ஊரை விட்டே துரத்துவோம்.

டிசம்பர் 6, ஞாயிறு

எண்ணெய் வேலைக்காகாது, வாய்தான் வேலைக்காகும் என்று முடிவு பண்ணினேன். காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு பிராக்டிஸில் ஓரமாக நின்றேன். கட்டையில் பந்து பட்ட அந்த நிமிஷம் எல்லாரும் சேர்ந்து ஒரே குரல்: "கட்டையைப் போட்டுட்டு ஓடு!"

பெருமாள் முதல் தடவை பயந்து போய்க் கட்டையையும் போட்டான், தொப்பியையும் போட்டான், ஓட மட்டும் மறந்துவிட்டான்.

பத்து தடவை கத்தினோம். அதற்கப்புறம் தானாகவே போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்னக்கிளி சொன்னாள், "வீட்ல சொல்றது ஒண்ணு காதுல ஏறாதுக்கா. இங்க ஏறுது பாரு."

டோரிஸ் வந்து, "கைக்கு மம்மி இவ்ளோ சவுண்டு? ரோடு வரைக்கும் கேக்குது" என்றாள். ஏன் இவ்வளவு சத்தமாம். கேட்டால் நல்லதுதானே, ஏட்டி.

டிசம்பர் 13, ஞாயிறு

ஆறுக்கு ஒன்பது. தோல்வி. ஆறு நம்முடையது!!

ஒருத்தன்கூடக் கட்டையோடு ஓடவில்லை. ஒருத்தன்கூட. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, நாளைக்குப் பால்காரனிடம் சைகையில்தான் பேச வேண்டும்.

டிசம்பர் 26, சனி

பண்டிகை நல்லபடி முடிந்தது. கேரல் ரவுண்டு வந்தவர்களுக்கு அச்சுமுறுக்கு பத்தவில்லை, கேக்கை மெலிசாக வெட்டிச் சமாளித்தேன்.

கேப்டன்தான் ஒரு மாதிரி. தனசிங்குக்கு விஜயவாடா டியூட்டி போட்டாலும் போடுவார்களாம். ஒருத்தன் போனால் ஒன்பது பேர் தேறமாட்டார்கள். "விட்டுரலாம் பேபி, ரெண்டு மேட்ச் எழுதிக் குடுத்துட்டு மரியாதையா ஒதுங்கிக்கிடுவோம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னத்த மரியாதை? காலனிப் பொம்பளைய எல்லாரும் உங்களுக்காக நடு ரோட்டுல தொண்டை கிழியக் கத்துதோம். எங்களுக்கு என்ன மரியாதை இருக்கு? நீங்க மட்டும் மரியாதையா ஒதுங்கப் போறீயளோ?"

சிரித்துவிட்டார். சிரித்த மனுஷன் விடமாட்டார், எனக்குத் தெரியும்.

1988 ஜனவரி 3, ஞாயிறு

புது வருஷத்து முதல் மேட்ச். நாலுக்கு அஞ்சு. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. ஒரே ஒரு! தனசிங்குக்கு டியூட்டி மாற்றவில்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஏ.எஸ்.ராவ் நகர் பேக்டரி டீம். எல்லாரும் இன்ஜினியர்கள். ஒரு மேட்சிலும் தோற்காதவர்கள். அதனால் என்ன? தோற்காதவனுக்கு எப்படித் தோற்பது என்று தெரியாது. நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஜனவரி 10, ஞாயிறு

எங்கே ஆரம்பிக்க?

மேட்ச் மூணு மணிக்கு, நம்ம மைதானத்தில். செக்ரெட்டரி பாலசுப்ரமணியன் வந்துவிட்டார், முதல் தடவையாக. கையில் ஸ்டோர் ரூம் சாவி. மேட்ச் முடிந்ததும் சாமானை எண்ணி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகத்தான் வந்தாராம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூணு ஆனது. பேக்டரி டீம் வரவில்லை. மூணரை. வரவில்லை. பஸ் வழியில் படுத்துவிட்டதாம், யாரோ சைக்கிளில் வந்து சொன்னார்கள். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டனைக் கூப்பிட்டு, "வாக்ஓவர். நீங்க ஜெயிச்சாச்சு" என்றார்.

நான் கத்தின கத்தலில் செக்ரெட்டரியின் சாவி கீழே விழுந்தது. அன்னக்கிளி அழுதே விட்டாள். ஒன்று ஜெயித்தாச்சு! டீம் பிழைத்தாச்சு!

கேப்டன் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் அம்பயரிடம், "அவங்க வரட்டும் சார். காத்திருக்கோம்" என்றார்.

எனக்கு வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை. மைதானத்துக்குள்ளேயே போய்விட்டேன். "உங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? கையில வந்தத ஏன் வேண்டாங்கிய? அந்தா சாவியோட உக்காந்திருக்காரு, பாத்தீயளா?"

"பாத்தேன்."

"பெறவு?"

"ஒரு பந்துகூடப் போடாம ஜெயிச்சேன்னு யார்ட்ட சொல்ல பேபி? உன்ட்ட சொல்ல முடியுமா? நீயே நாளைக்கு அத வெச்சு என்னக் கேலி பண்ணுவ."

பண்ணியிருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல். பெருமாளைப் பார்த்தேன், அவனாவது எதிர்த்துப் பேசுவான் என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆடலாம்க்கா" என்றான். எல்லாருக்கும் கோட்டி.

நாலு மணிக்கு ஒரு செங்கல் லாரி வந்து நின்றது. பின்னாலிருந்து இன்ஜினியர்கள் ஒவ்வொருத்தராகக் குதித்தார்கள். வெள்ளை உடுப்பெல்லாம் செங்கப்பொடி. அவர்கள் கேப்டன் வேணுகோபால் என்று ஒரு ஒல்லி ஆள், நேரே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. செக்ரெட்டரி என்னைக் கேள்வி கேட்டே கொன்றார். "அவன் ஏம்மா அடிக்காமலே நடந்து போறான்?" நாலு பந்து தப்பாகப் போட்டால் அப்படி என்றேன். "இவன் ஏன் திரும்பி ஓடி வரான்?" பயந்து போய் என்றேன். எனக்கே சரியாகத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து பாதி ஆட்டத்தைத் தப்பாகவே புரிந்துகொண்டோம். நடுவில் தனசிங் அடித்த அடியில் ரெண்டு பேர் பலகைக்கு வந்து சேர, மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தார். அப்புறம் உட்காரவேயில்லை.

கடைசி இன்னிங்ஸ். அவர்கள் எட்டு, நாங்கள் ஏழு. அடிப்பது நாங்கள். ரெண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூணாவது சாக்கில் பெருமாள், ரெண்டாவது சாக்கில் தனசிங். ரெண்டு பேரும் வந்துவிட்டால் ஜெயித்தோம். அடிக்க வந்தது கேப்டன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டொக்கென்று சத்தம். திறந்தேன். பந்து தூரத்தில், ரொம்ப தூரத்தில், வேப்பமரத்தடிக்கு ஓடுகிறது. எனக்கு முந்தி செக்ரெட்டரி கத்தினார்: "கட்டையைப் போட்டுட்டு ஓடுய்யா!"

கேப்டன் போட்டார். நன்றாகத்தான் போட்டார். பெருமாள் ஓடி வருகிற வழியில் போட்டார்.

பெருமாள் வந்த வேகத்தில் கட்டை மேல் காலை வைத்தான். உருண்டது. பலகைக்கு ஒரு ஆள் தூரத்தில் குப்புற விழுந்தான். பின்னாலேயே வந்த தனசிங் தாண்டிப் போகாமல், பாவி, நின்று அவனைத் தூக்கப் பார்த்தான். "எழுந்திரு! எழுந்திரு!" என்று செக்ரெட்டரி கோட்டுக்குள்ளேயே போய்விட்டார். பந்து வந்தது. அவர்கள் கேட்சர் குனிந்து, பெருமாள் முதுகில் பந்தைத் தொட்டான். மெதுவாகத்தான் தொட்டான். அவுட்.

சீசன் பூராவும் கட்டையைப் போடு, போடு என்று கத்தினோம். எங்கே போட என்று யாரும் சொல்லவில்லை.

வேணுகோபால்தான் வந்து சொன்னார், அடுத்து அடிக்க நிற்கிறவன் ஓடி வந்து அந்தக் கட்டையை எடுத்து ஓரமாக வைக்க வேண்டுமாம். "எங்களுக்கும் முதல் வருஷம் தெரியாது சார்" என்றார். அப்படியா! அவ்வளவுதானா விஷயம்! அதையும் கற்றுக்கொண்டால் போச்சு, ஜெயித்த மாதிரிதான் — என்று சொல்ல வாயெடுத்தேன். கேப்டன் கையுறைகளை எண்ணி எண்ணி செக்ரெட்டரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டார்.

ஜனவரி 12, செவ்வாய்

இன்றைக்குக் கமிட்டி மீட்டிங். கேப்டன் போய்விட்டு வந்தார், காலைக் கழுவினார், உட்கார்ந்தார். சுவரைப் பார்க்கவில்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். ஆனால் சங்கதியை வாங்க நான் பட்ட பாடு! தோசையைக் கண்ணில் காட்டிக் காட்டி ஒவ்வொரு வார்த்தையாக வாங்கினேன்.

செக்ரெட்டரி கேட்டாராம்: "அம்பயர் முதல்ல வாக்ஓவர்னு சொல்லிட்டார். அதை வெற்றின்னு எழுதிண்டுடறேன். அப்புறம் ஆடினது சும்மா சிநேக ஆட்டம். என்ன சொல்றேள்?"

"நீங்க என்ன சொன்னீய?"

"தோத்தோம்னு எழுதுங்க சார்னேன்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். "ரெண்டாவது தடவையுமா? சரி, பெறவு?"

"பேனாவ மூடி வெச்சிட்டாரு. பெறவு தொறந்து, தோல்வின்னு எழுதினாரு."

நான் தோசையை மறந்துவிட்டேன், கருகிவிட்டது.

"அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதினாரு. இந்த வருஷம் ஜெயிக்க வேண்டிய ஒரு மேட்சு பாக்கி நிக்குதாம். பாக்கிய அடுத்த வருஷத்துக் கணக்குல கொண்டுபோகணுமாம். அடுத்த வருஷம் ரெண்டு ஜெயிக்கணுமாம்."

அக்கவுண்ட்ஸ்காரர் மூளையைப் பார்த்தீர்களா! பாக்கி கொண்டுபோக வேண்டுமென்றால் டீம் இருந்தாகணுமே!

ரெண்டு. ரெண்டு என்ன, நாலு ஜெயிப்போம். அன்னக்கிளி வீட்டுக்கு ஓடினேன். கருகிய தோசையைக் கேப்டன் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

பிப்ரவரி 14, ஞாயிறு

கோயில் முடிந்து மைதானத்துப் பக்கம் போனேன். பிராக்டிஸ் நாலு மணிக்குத்தான், ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். செக்ரெட்டரி பாலசுப்ரமணியன் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளி, முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு. பலகையிலிருந்து முதல் சாக்கு வரைக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு நேரே போகவில்லை, கொஞ்சம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து போனது.

ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு அவர் சம்சாரம் அபயாம்பாள் மாமி. "சாதம் ஆறி அவலாப் போயிடுத்து, வரேளா இல்லையா?"

"இன்னும் ஒரே ஒரு கோடு!"

மாமி என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உங்காத்துக்காரரும் இதிலதானே இருக்கார்? இது எத்தனை நாளைக்கு இப்படி?"

"தெரியல மாமி. எனக்கு இது மூணாவது வருஷம்" என்றேன்.